கடைமடையில் பிறந்தவர்

டெல்டாவும் டெல்லியும் – 9

தஞ்சாவூர்க்காரர்கள் ஓர் ஆற்றுக்கு வயதைச் சொல்லித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: புது ஆறு. அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் கல்லணைக் கால்வாய். காவிரியும் வெண்ணாறும் சோழர் காலத்து ஆறுகள். இது வெள்ளைக்காரன் வெட்டியது. மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டம் போட்டு, 1934ல் தண்ணீர் விட்டார்கள். பெரிய கோயிலை ஒட்டிக்கொண்டு ஊரைக் கடந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று அதுவரை ஏரியையும் மழையையும் நம்பிக் கிடந்த மேட்டுச் சீமைக்குள் புகுந்தது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். போகிற வழியில் கிளை கிளையாகப் பிரியும். அதில் ஒரு கிளைக்கு ராஜாமடம் வாய்க்கால் என்று பெயர்.

ராஜாமடம் அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர். காற்றில் உப்பு வாசனை வரும். பாசனக் கணக்கில் கடைமடை. கடைமடை என்றால் என்ன என்று டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி ஷட்டரைத் தூக்குவார்கள். திருவையாற்றுக்காரர் நாற்றுப் பறித்து நட்டு, களையும் எடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கடைமடைக்காரர் அப்போதும் மதகடியில் நின்று வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே தண்ணீர் குறைந்தால் கீழே முதலில் காய்வது இவருடைய வயல்தான்.

அந்த ஊரில்தான் 1910 டிசம்பர் 4ஆம் தேதி ஆர். வெங்கட்ராமன் பிறந்தார். புது ஆறு வருவதற்கு 24 வருஷம் முன்னால். தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியின் முதல் உறுப்பினர். பின்னாளில் நாட்டின் எட்டாவது ஜனாதிபதி. இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவர்கள் ஊரிலேயே இருந்து தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டவர்கள். ஆர்.வி. அப்படியில்லை. தஞ்சாவூர் அவரை டெல்லிக்கு அனுப்பியது. அவருடைய பெரிய வேலையெல்லாம் வேறு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் தஞ்சாவூருக்கு வருத்தம் உண்டா என்றால், பாதி உண்டு. மீதிப் பாதிக்குத் தஞ்சாவூரும் பொறுப்பு என்பது என் கட்சி.

பட்டுக்கோட்டையில் பள்ளிக்கூடம், திருச்சி நேஷனல் காலேஜ், சென்னை லயோலாவில் பொருளாதார எம்.ஏ., பிறகு சட்டம். 1935ல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் உள்ளே போனவர் இரண்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். பிராமண வக்கீல், காங்கிரஸ், சிறை: அந்தத் தலைமுறைக்கு இது அச்சில் வார்த்த பாதை. அவருடைய பாதை அடுத்து மலாயாவுக்குத் திரும்பியது.

பட்டுக்கோட்டைக் கடற்கரைக்கு மலாயா அந்நிய தேசமே இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் பினாங்கு. அண்ணன் தோட்டத்தில், மாமன் ரயில்வேயில், சம்பந்தி கடையில் என்று வீட்டுக்கு ஓர் ஆள் அக்கரையில் இருந்த காலம். ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது அவனோடு ஒத்துழைத்ததாகச் சொல்லி, யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் இந்தியர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாட 1946ல் இங்கிருந்து ஒரு வக்கீல் குழு போனது. அதில் ஆர்.வி. ஒருவர். இதே பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து மலாயா போய்த் தொழிற்சங்கத் தலைவரான கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். ஒரே சீமையிலிருந்து ஒருவர் வக்கீலாக அக்கரை போனார், இன்னொருவர் தொழிலாளியாகப் போனார்.

திரும்பி வந்தவர் தொழிலாளர் சட்டத்தில் இறங்கினார். 1949ல் தொழிலாளர் வழக்குகளுக்கென்றே ஒரு சட்டப் பத்திரிகை தொடங்கினார். தோட்டம், துறைமுகம், ரயில்வே, பத்திரிகை ஆபீஸ் என்று பல தொழிற்சங்கங்களில் அவர் பெயர் இருந்தது. தஞ்சாவூர் விவசாயக் கூலிகளின் நிலைமையும் அவருக்குத் தெரியும். 1950ல் தற்காலிக நாடாளுமன்றத்தில் உறுப்பினர். அப்புறம் வந்தது முதல் பொதுத்தேர்தல்.

1952 தேர்தலில் சின்னத்தில் முத்திரை குத்துகிற வேலை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டி மேல் சின்னம். கொடுத்த சீட்டை, பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியது. காங்கிரஸ் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்ட் பெட்டியில் கதிரும் அரிவாளும். நெல் விளைகிற ஊரில் இதைவிடப் பொருத்தமாக இரண்டு சின்னம் கிடைக்காது. ஒன்று உழவு, இன்னொன்று அறுப்பு. உழவுமாடு மிராசுதார் கொட்டகையில் நின்றது. அரிவாள் பண்ணையாள் கையில் இருந்தது. மாயூரம் தொகுதியில் அரிவாள் ஜெயித்தது. ரயில்வே தொழிற்சங்கத்து ஆனந்தன் நம்பியார் அங்கிருந்து டெல்லி போனார். தஞ்சாவூரில் காளை ஜெயித்தது. சென்னை சட்டசபையில் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152தான் கிடைத்தது என்பதை வைத்துப் பார்த்தால், அந்த வருஷம் காளையை ஜெயிக்கவைப்பது லேசான காரியமாக இருந்திருக்காது.

ஜெயித்த எம்.பி. தொகுதிக்கு என்ன செய்ய முடியும்? இங்கே கொஞ்சம் களத்துமேட்டுக்குப் போய் வரவேண்டும்.

கதிரடித்து, தூற்றி, பதர் நீக்கி, பொலி குவித்தாயிற்று. அளக்கிறவர் மரக்காலோடு உட்காருவார். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார், ‘லாபம்’ என்பார். அடுத்தது இரண்டு. இதை நான் சின்ன வயதில் களத்தில் கேட்டிருக்கிறேன். இந்த ‘லாபம்’ யாருக்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அளந்ததில் நில உடைமைக்காரருக்குப் போனது போக வாரதாரருக்குக் கால் பங்கு தேறினால் அதிகம். பண்ணையாளுக்குக் கூலியும், களத்தில் சிந்தியதும், நல்ல நாளில் ஒரு வேட்டியும். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943ல் இந்தச் சீமைக்கு வந்து சங்கம் கட்டிய கதையையும், பண்ணையாளுக்குத் தண்டனையாகத் தந்த சாணிப்பாலும் சவுக்கடியும் நின்ற கதையையும் முன்பே பார்த்தோம்.

1952 ஆகஸ்ட்டில் ராஜாஜி அரசாங்கம் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே போட்டது. மொத்த விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு சாகுபடிதாரருக்கு. காரணமில்லாமல் பண்ணையாளை நிறுத்தக் கூடாது. கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, நிலம் வைத்திருக்கும் சின்ன மிராசுக்கு விலக்கு. கம்யூனிஸ்ட் இயக்கத்தின் அழுத்தம் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. வந்த சட்டத்துக்கு மிராசுதார்கள் கண்டுபிடித்த மருந்தும் பிரசித்தம். பண்ணையாள் இருந்தால்தானே பாதுகாப்பு? பண்ணையாளை நிறுத்திவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் ‘பண்ணையாள்’ என்ற சொல் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது, வயலில் தேய்ந்துவிட்டது.

இந்தக் கதையில் தஞ்சாவூர் எம்.பி. எங்கே? எங்கும் இல்லை. அவர் சோம்பிக் கிடந்தார் என்பதல்ல காரணம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் நிலம், விவசாயம், பாசனம் மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. வாரம் எத்தனை பங்கு, கூலி எத்தனை படி, எந்த வாய்க்காலை எப்போது தூர்வாருவது என்பதெல்லாம் கோட்டையில் முடிவாகிற விஷயம். நெல் தொகுதியின் எம்.பி. டெல்லிக்குப் போய் இறங்கினால், அங்கே நெல் இருக்காது. ரயில் இருக்கும், தபால் இருக்கும், வெளிநாட்டுக் கொள்கை இருக்கும். ஆர்.வி. 1952ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கூட்டம் ஒன்றுக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனார். எந்தக் கமிட்டி தெரியுமா? உலோகத் தொழில் கமிட்டி. தஞ்சாவூரில் அன்று உலோகத் தொழில் என்றால் தட்டும் சிலையும்தான்.

ஒரே ஒரு வாசல் மட்டும் டெல்லியில் திறந்திருந்தது. மாநிலங்களுக்கு நடுவில் ஓடும் ஆறு மத்தியப் பட்டியலில் வரும். 1956ல் நாடாளுமன்றம் மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுச் சட்டத்தை நிறைவேற்றியது. தண்ணீரைப் பற்றி இரண்டு மாநிலங்கள் சண்டை போட்டால், பேச்சில் தீராவிட்டால், மத்திய அரசு நடுவர் மன்றம் அமைக்கலாம் என்பது அதன் சாரம். அப்போது தஞ்சாவூர் உறுப்பினராக அந்த அவையில் இருந்தவர் ஆர்.வி. அன்றைக்குக் காவிரிக்காரர்கள் யாரும் அந்தச் சட்டத்தை ஒரு பொருட்டாக எடுத்திருக்க நியாயமில்லை. 1924ஆம் வருஷத்து மைசூர் - சென்னை ஒப்பந்தம் அமலில் இருந்தது. 50 வருஷ ஒப்பந்தம், 1974 வரை கவலை இல்லை. இந்தச் சட்டத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

1957 தேர்தலிலும் தஞ்சாவூர் ஆர்.வி.யையே அனுப்பியது. ஆனால் அவர் போய் உட்காரவில்லை. காமராஜர் கூப்பிட்டார். எம்.பி. பதவியை ராஜினாமா செய்துவிட்டு, எட்டுப் பேர் கொண்ட மந்திரிசபையில் சேர்ந்தார். மேலவை உறுப்பினர். தொழில், தொழிலாளர் நலம், மின்சாரம், போக்குவரத்து, கூட்டுறவு, வணிகவரி எனப் பத்து வருஷத்தில் கைக்கு வந்த இலாகாக்கள் அத்தனை. ஓட்டுப் போட்ட மை காய்வதற்குள் உறுப்பினர் போய்விட்டார் என்று தொகுதியில் முணுமுணுப்பு எழுந்திருந்தால் அதில் தப்பில்லை.

அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி எழுதாத ஆளில்லை. கிண்டி தொழிற்பேட்டை 1958ல் வந்தது. அம்பத்தூர், ராணிப்பேட்டை என்று தொடர்ந்தது. ஒரு ஷெட், கரண்ட், ரோடு மூன்றையும் அரசாங்கமே தயாராக வைத்துக்கொண்டு, ‘மெஷினை மட்டும் கொண்டுவா’ என்று சின்ன முதலாளியைக் கூப்பிட்ட யோசனை அது. சென்னையைச் சுற்றி மோட்டார் தொழில் திரண்டது. கிராமங்களுக்கு மின்கம்பிகள் போயின. பம்புசெட்டில் சென்னை மாகாணம் முன்னணிக்கு வந்தது. காமராஜரோடு சோஷலிஸ்ட் நாடுகளுக்குப் போய்வந்து பயண நூல் எழுதினார், அதற்கு சோவியத் நாட்டுப் பரிசும் வாங்கினார். தமிழ்நாட்டின் தொழில்மயத்துக்கு அவரைத் தகப்பன் என்பார்கள். தகப்பன் ஒருவர்தான் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். காமராஜரின் அதிகாரமும், டெல்லியில் சி. சுப்பிரமணியம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி போன்றவர்கள் இருந்ததும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் இவர்.

தஞ்சாவூருக்கு என்ன வந்தது? நாஞ்சிக்கோட்டைச் சாலையில் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெரிய ஆலைகளில் டெல்டாவை உரசிக்கொண்டு வந்தது திருவெறும்பூர் பாய்லர் ஆலைதான். காவிரித் தண்ணீர் எட்டும் இடம், ஆனால் நஞ்சைக்கு வெளியே, பொட்டல். நான் சொன்ன மீதிப் பாதி இதுதான். முப்போகம் விளைகிற வேலியை ஷெட் கட்டக் கொடுக்கிற மிராசுதார் அன்று யாரும் இல்லை. ஊரில் ஆலை வந்தால் கூலி ஏறும், நடவுக்கு ஆள் கிடைக்காது என்ற பயம் வேறு. அரசாங்கத்துக்கும் தஞ்சாவூர் நெற்களஞ்சியமாக இருந்தால் போதும். 1960ல் நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரைச் சேர்த்துத் தீவிர விவசாயத் திட்டம் கொண்டுவந்தார்கள். சில வருஷத்தில் ஆடுதுறை 27 வந்தது, குறுவை பெருத்தது. சோறு டெல்டா பொறுப்பு, மெஷின் சென்னை பொறுப்பு என்று பிரித்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. பிரித்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் தஞ்சாவூர்க்காரர்.

1962ல் தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்து வந்தவர் மு. கருணாநிதி. திருக்குவளையில் பிறந்தவர், அதுவும் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாதான். சட்டசபையில் எதிர்க்கட்சித் துணைத்தலைவர். எதிரே மந்திரி வரிசையில் தஞ்சாவூரின் பழைய எம்.பி. இந்த இருவரும் இன்னொரு முறை சந்திப்பார்கள்.

1967ல் காங்கிரஸ் கோட்டையை விட்டது. ஆர்.வி. டெல்லிக்குத் திரும்பி 1971 வரை திட்டக் கமிஷனில் இருந்தார். அங்கே அவர் பார்த்தவை தொழில், தொழிலாளர், மின்சாரம், போக்குவரத்து, ரயில்வே. 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். அரைப்படி நெல் கூலி உயர்வில் தொடங்கிய தகராறு. 1952ஆம் வருஷத்துச் சட்டத்தில் ‘பண்ணையாள்’ என்ற சொல்லுக்கு இருந்த பாதுகாப்பு, அன்றாடக் கூலியாக மாறியவர்களுக்கு எட்டவில்லை. ‘தொழிலாளர்’ என்று டெல்லியில் சொன்னபோது மில்லும் டாக்கும் கண்ணுக்கு முன் வந்த அளவுக்கு நடவு வயல் வரவில்லை. இது ஆர்.வி. ஒருவர் மேல் போடுகிற குற்றச்சாட்டு ஆகாது. ஆனால் தஞ்சாவூர்க் கூலியின் கதை தெரிந்த தொழிலாளர் வக்கீல் ஒருவர் அந்தக் கட்டிடத்தில் இருந்தார் என்பதைப் படிக்கும்போது மனசு அங்கே நின்றுவிடுகிறது.

அதன்பிறகு அவர் தஞ்சாவூரில் நிற்கவில்லை. 1977ல் தென்சென்னை. எதிர்த்து நின்றவர் முரசொலி மாறன், திருக்குவளையில் பிறந்தவர். மயிலாப்பூர், தியாகராய நகர் ஓட்டுக்குத் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் இருவர் மோதினார்கள். ராஜாமடம் ஜெயித்தது. 1980ல் தி.மு.க. கூட்டணியோடு மறுபடி அதே தொகுதி, மறுபடி வெற்றி. நிதி மந்திரி, பிறகு ராணுவ மந்திரி. ஏவுகணைகளை ஒவ்வொன்றாகச் செய்யாமல் ஒரே திட்டமாகச் செய்யுங்கள் என்று அப்துல் கலாமிடம் சொன்னது அந்தக் காலத்தில். 1984ல் துணை ஜனாதிபதி. 1987ல் ஜனாதிபதி. அவர் இருந்த ஐந்து வருஷத்தில் ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என நாலு பிரதமர்கள்.

இனி 1991. ஒரே வருஷத்தில் இரண்டு முறை டெல்டா அவர் மேஜைக்கு வந்தது.

முதலாவது ஜனவரி 30. கருணாநிதி அரசைக் கலைக்க சந்திரசேகர் மந்திரிசபை முடிவெடுத்தது. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்துவிட்டார். 356ஆவது பிரிவில் ‘கவர்னர் அறிக்கையின் பேரிலோ அல்லது வேறு வகையிலோ’ என்று ஒரு தொடர் உண்டு. அந்த ‘வேறு வகையில்’ போதும் என்று ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். மந்திரிசபை சொன்னால் ஜனாதிபதி செய்தாக வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். ஒரு முறை திருப்பி அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாமே என்பது எதிர்ப்பக்கம். எனக்கு எதிர்ப்பக்கம்தான் சரியாகப் படுகிறது. சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட வக்கீல், அந்த ஒரு சொல்லை மட்டும் மந்திரிசபையின் தராசிலேயே விட்டுவிட்டார்.

இரண்டாவது ஜூலை. 1924 ஒப்பந்தத்தின் 50 வருஷம் 1974ல் முடிந்திருந்தது. பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை. அலுத்துப்போன டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1986ல் மாநில அரசும் நடுவர் மன்றம் கேட்டது. 1990 மே மாதம் கோர்ட் உத்தரவு போட்ட பிறகே, ஜூன் 2ஆம் தேதி வி.பி. சிங் அரசு காவிரி நடுவர் மன்றம் அமைத்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? 1956ஆம் வருஷத்து அதே சட்டம்.

நடுவர் மன்றம் 1991 ஜூன் 25ல் இடைக்கால உத்தரவு தந்தது. வருஷத்துக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வந்து சேரும்படி கர்நாடகம் விடவேண்டும். ஒரு மாதம் ஆகவில்லை. ஜூலை 25ல் கர்நாடகத்தின் பங்காரப்பா அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, அந்த உத்தரவு தங்களைக் கட்டாது என்றது. இரண்டே நாள். ஜூலை 27ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி, அவசரச் சட்டம் செல்லுமா, நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போடலாமா என்று சுப்ரீம் கோர்ட்டின் கருத்தைக் கேட்டு ஜனாதிபதியின் பெயரில் கடிதம் போனது. கேட்கச் சொன்னது நரசிம்ம ராவ் மந்திரிசபை. கேட்ட பெயர் ராஜாமடத்துக்காரர் பெயர். தஞ்சாவூர் எம்.பி.யாக இருந்தபோது அவர் அவையில் நிறைவேறிய சட்டம், 35 வருஷம் ஊர் சுற்றிவிட்டு அவர் கையெழுத்துக்கு வந்து நின்றது.

நவம்பர் 22ல் கோர்ட் பதில் சொன்னது: அவசரச் சட்டம் செல்லாது, நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. டிசம்பர் 10ஆம் தேதி இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வந்தது. அடுத்த நாட்களில் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தாளவாடிப் பக்கமாக ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்து வந்தார்கள்.

அந்த டிசம்பரில் டெல்டாவில் சம்பா நின்றது. மேட்டூரை மூட வழக்கமான தேதி ஜனவரி 28. மிச்சம் ஏழு வாரம். ராஜாமடம் வாய்க்கால் முறைப்பாசனத்தில் கடைசி.

(அடுத்த இதழில்: 1979 இடைத்தேர்தல். தஞ்சாவூரில் நிற்க இந்திரா காந்தி யோசித்ததும், எம்.ஜி.ஆர். பின்வாங்கியதும்)